ஏற்றம் இலவசம்

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டிசன் எழுதினேன்.

இதில் என்ன புதினம் என்று கேட்பீர்கள். ஓய்வுபெற்ற பௌதிகவியல் வாத்தியார், அதிலும் வாராவாரம் பேப்பரில் எழுதுகிற ஆள்... தீவுப்பகுதியில் இப்படி ஒருவன் பேனையோடு அகப்பட்டால் சனம் சும்மா விடுமா? வேலித் தகராறு, எரியாத தெருவிளக்கு, கை காட்டியும் நிற்காமல் போன பஸ், எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை ஒரு மாட்டுக்கு எதிராகக்கூட எழுதினேன். மாடு இன்னும் அந்தத் தெருவில்தான் படுக்கிறது.

ஆனால் இந்தப் பெட்டிசன் வேறு. முதற்பந்தியை முடித்து இரண்டாம் பந்திக்கு வந்தபோதுதான், யாருக்கு எதிராக எழுதுகிறேன் என்பது எனக்கே விளங்கியது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ் அங்கே முடிந்துவிடும். அதற்கப்பால் கடல்தான். நயினாதீவுக்குப் போகிறவரும் நெடுந்தீவுக்குப் போகிறவரும் படகு வரும்வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். படகு வருவதற்கு முன் போன் செத்துவிடும்.

இதை யாரோ படம்பிடித்து இணையத்தில் போட, கனடாவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவருக்கு மனம் இளகிவிட்டது. சூரியத் தகடு பூட்டிய ஒரு பெட்டி வாங்கித் தந்தார். பன்னிரண்டு துளை. யாரும் வந்து போனைச் செருகலாம். நல்ல காரியம். ஆனால் மேலே கட்டுகிற பெயர்ப்பலகைக்கு ஒரேயொரு நிபந்தனை போட்டார்.

"சேர், ஒரு ரிக்குவெஸ்ற். போர்ட்டில இங்கிலீஷ் மிக்ஸ் பண்ணக்கூடாது. பியூர் தமிழா இருக்கோணும். தற் இஸ் மை கொண்டிஷன்."

தமிழ் வாழ்க என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

இறங்குதுறைக் குழு கூடியது. நான் அதில் ஆலோசகர். அதாவது, வேலை ஒன்றும் செய்யாமல் பிழை மட்டும் பிடிக்கிற பதவி. செயலாளர் செல்வரத்தினம் ஓய்வுபெற்ற கிளாக்கர். அவர் ஒரு கடதாசியில் 'போன் சார்ஜ் பண்ணும் இடம் – இலவசம்' என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"இது ஏலாது," என்றேன்.

"ஏன் மாஸ்ரர்? சனமெல்லாம் அப்பிடித்தானே சொல்லுது?"

"சனம் சொல்லுறதை எழுதுறதுக்கு என்னை என்னத்துக்குக் கூப்பிட்டனீர்?"

பிறகு ஒரு விரிவுரை கொடுத்தேன். போனுக்கும் சார்ஜ். பொலிஸ் வழக்குப் போட்டாலும் சார்ஜ். புது அதிபர் வந்து கதிரையில் இருந்தாலும் 'சார்ஜ் எடுத்திட்டார்' என்கிறோம். ஒரு சொல்லுக்கு இத்தனை வேலை கொடுத்தால் அதற்குக் களைக்காதா? தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறதே!

செல்வரத்தினம் விட்டுக்கொடுக்கிற மனிதர். "அப்ப இந்தியாவில மின்னூட்டம் எண்டு சொல்லுறவை. யூரியூப்பில பாத்தனான். அதைப் போடுவமோ?"

"ஊட்டம் எண்டால் பிள்ளையளுக்குச் சத்துமா குடுக்கிற இடம் எண்டெல்லோ நினைப்பினம்! ஒரு சொல்லை எழுதேக்க அது சனத்துக்கு எப்பிடி விளங்கும் எண்டு யோசிக்கோணும், செல்வரத்தினம்."

இந்தக் கடைசி வசனத்தைச் சொன்னது நான்தான். தயவுசெய்து ஞாபகத்தில் வைத்திருங்கள்.

"அப்ப எங்கட பாடப்புத்தகத்தில கிடக்கிறமாதிரி மின்னேற்றம்?"

"மின் என்னத்துக்கு? நேரேற்றம், மறையேற்றம், புள்ளியேற்றம்... எந்த வாத்தியாவது ஒவ்வொருக்காலும் மின் மின் எண்டு சொல்லுறவரோ? ஏற்றம் எண்டாலே மின்தான். ஆருக்குத் தெரியாது?"

முப்பது வருடம் ஒரே பாடத்தைப் படிப்பித்தால் உலகமே அந்த வகுப்பில் இருந்ததாக ஒரு நினைப்பு வந்துவிடும். 'மின்' போனது. எழுத்துக் குறைந்ததால் எழுத்துகளைப் பெரிதாக எழுதலாம் என்று பெயின்ரருக்குச் சந்தோசம். பக்கத்தில் ஒரு பிளக் படம் கீறட்டுமா என்று கேட்டார். படம் பாலர் வகுப்புக்கு என்று சொன்னேன்.

இப்படித்தான் நீலப் பலகை பிறந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு வரி. அவை எனக்குக் கிட்டவும் வராததால் மிகச் சரியாக அமைந்தன. நடுவில் தமிழ், கொட்டை எழுத்தில்:

ஏற்றம் இலவசம்.

பலகை பெரிதாகப் போய்விட்டதால் பெட்டிக்கு மேலே அதைக் கட்ட இடம் இல்லை. ஆகவே பெட்டி உள்ளே, சனம் இருக்கிற மண்டபத்துச் சுவரில். பலகை வெளியே, படகில் சாமான் ஏற்றுகிற வாசலுக்கு மேலே. திறப்பு விழாவில் ஆறு பேர் பேசினார்கள். ஒருவராவது போனைச் செருகிப் பார்க்கவில்லை. படம் கனடாவுக்குப் போனது. "வாவ் சேர், சோ பியூர்!" என்று பதில் வந்தது.

மூன்று வாரம் கழிந்தது. வருகிறேன், செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

மீன் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு இறங்குதுறைக்குப் போனேன். உண்மையில் என் பலகையைப் பார்க்கத்தான் போனேன். மண்டபத்தில் நயினாதீவு விகாரைக்கு வந்த சிங்கள யாத்திரிகர்கள் இரண்டு பேர் பெட்டியில் போனைச் செருகிவிட்டு ஆறுதலாக இருந்தார்கள். மற்றப் பத்துத் துளையும் வெறுமை. சுற்றிவர இருந்த தமிழ்ச்சனம் செத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தது. எங்களுடைய ஆட்களுக்கு இலவசமாகக் கொடுத்தாலும் மதிப்பில்லை என்று மனதுக்குள் ஒரு பத்தியே எழுதி முடித்துவிட்டேன்.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது.

நெடுந்தீவுப் பூமணி. யாழ்ப்பாணத்தில் மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்கிக்கொண்டு மாதத்தில் ஒருமுறை இந்த வழியால் போகிறவள். இரண்டு மூட்டைக்குக் காவல் போல நின்றாள். எதிரே பஸ்தியான் அண்ணை. கடற்றொழிலை விட்டபிறகு இருபது வருடமாக இந்தத் துறையில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். அதிர்ந்து பேசாத மனிதர். தலையில் சும்மாட்டுத் துணி இருந்தது. மூட்டை நிலத்தில் இருந்தது.

என்னைக் கண்டதும் பூமணி ஓடி வந்தாள்.

"மாஸ்ரர், நல்ல நேரம் வந்தியள். ஒரு பெட்டிசன் எழுதித் தாங்கோ."

"ஆருக்கு எதிரா, பிள்ளை?"

"உந்த மனிசனுக்கு. சனத்துக்கு இலவசமாச் செய்யச் சொன்ன வேலைக்குக் கூலி கேக்கிறார். பகல்கொள்ளை!"

எனக்கு இரத்தம் கொதித்தது. பொதுச்சேவைக்குக் கூலியா? அதுவும் என் பலகைக்குக் கீழே நின்றுகொண்டா? வாசலோர மர வாங்கில் உட்கார்ந்தேன். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தேன். பேனை தானாக ஓடியது.

'ஐயா, குறிகட்டுவான் இறங்குதுறையில் சுமை ஏற்றும் மேற்படி பஸ்தியான் என்பவர், பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட சேவை ஒன்றுக்கு அடாத்தாகக் கூலி அறவிட்டு வருவதால், மேற்படி நபரை இத்துறையிலிருந்து உடனடியாக அகற்றுமாறு...'

அத்துமீறி என்பதற்கு 'அடாத்தாக' என்ற சொல் வந்து விழுந்த இடம் எனக்கே பிடித்திருந்தது.

இப்படி ஒரு தாள் துறை அதிகாரியின் கந்தோருக்குப் போனால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். விசாரணை முடியும்வரைக்கும் அந்த மனிதர் துறைக்குள் கால் வைக்க ஏலாது. விசாரணை எப்போது முடியும்? நான் எழுதிய பெட்டிசன்களில் சில, நான் வேலையில் இருந்த காலத்திலிருந்து விசாரிக்கப்படுகின்றன. தெரிந்துகொண்டுதான் எழுதினேன்.

"இரண்டாம் பந்தியில ஆதாரம் காட்டோணும் பிள்ளை. இலவசம் எண்டு ஆர் சொன்னது?"

பூமணி விரலை மேலே நீட்டினாள். "உந்தா, எழுதிக் கிடக்கு."

பார்த்தேன்.

ஏற்றம் இலவசம்.

மூட்டை ஏற்றுகிற வாசலில், மூட்டை ஏற்றுகிறவரின் தலைக்கு மேலே, கொட்டை எழுத்தில்... வேறு எப்படித்தான் வாசிப்பார்கள்?

பேனை நின்றுவிட்டது. பஸ்தியான் அண்ணை கிட்ட வந்தார்.

"மாஸ்ரர், பலகை கட்டின அண்டைக்கு நானும் வாசிச்சனான். சரி, அரசாங்கம் சனத்துக்கு ஏதோ செய்யுது, எங்களுக்கும் பிறகு ஒரு வழி சொல்லுவினம் எண்டு நினைச்சனான். மூண்டு கிழமையா ஏத்தினனான். ஒருத்தரிட்டயும் கூலி கேக்கேல்லை. இண்டைக்குத்தான் ஏலாத கட்டத்தில கேட்டனான். கள்ளன் எண்டு சொல்லிப்போட்டா."

"கந்தோரில விசாரிச்சிருக்கலாமே, அண்ணை?"

"விசாரிச்சனான். குழுவைக் கேள் எண்டினம். செயலாளரைக் கேட்டன். மாஸ்ரர் எழுதினது, அவரைக் கேள் எண்டார். உங்களிட்ட வந்து கேக்க எனக்கு வெக்கமாக் கிடந்தது. படிச்ச மனிசன், காரணம் இல்லாமல் எழுதியிருப்பியளோ?"

வெட்கப்பட்டது அவராம்! மூன்று கிழமை இந்த மனிதர் என் தமிழ்ப் புலமையைத் தலையில் சுமந்திருக்கிறார். நான் வீட்டில் இருந்து 'சோ பியூர்' என்பதைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே கூசியது.

பிழையை ஒப்புக்கொண்டேனா? அவசரப்படாதீர்கள். நான் வாத்தியார். முதலில் பாடம் எடுத்தேன்.

"பிள்ளை, இது அந்த ஏற்றம் இல்லை. இது பௌதிகவியல் ஏற்றம். ஏற்றம் எண்டது சடப்பொருளின்ர ஓர் அடிப்படை இயல்பு..."

"அப்ப என்ர பிண்ணாக்கு மூட்டைக்கு அந்த இயல்பு இல்லையோ?"

"இருக்கு. நேரும் மறையும் சமனாக் கிடக்கிறபடியால் வெளியில தெரியாது. அதை நடுநிலை எண்டு சொல்லுறது."

"நெடுந்தீவார் எல்லாரும் அப்பிடித்தான் மாஸ்ரர். கிடக்கிறம். வெளியில தெரியிறேல்லை."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. ஒரு பொருளில் எவ்வளவு ஏற்றம் இருக்கிறது என்பதை அளக்கலாம், அதற்கு ஓர் அலகு உண்டு, அதன் பெயர் கூலோம் என்றேன்.

"ஆ! அதைத்தானே நானும் சொல்லுறன். கூலி!"

முழுத்துறையும் சிரித்தது. பஸ்தியான் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் பெயர் அதில் இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

வகுப்பில் கணக்குப் பிழைத்தால் "நீங்கள் கவனிக்கிறீங்களோ எண்டு பாத்தனான்" என்று சமாளிப்பேன். முப்பது வருடம் அப்படியே ஓடிவிட்டது. அன்றைக்கு அந்த வசனம் வாய்வரைக்கும் வந்து நின்றது. விழுங்கினேன்.

"பிழை என்ர," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "போன் சார்ஜ் பண்ணுறது இலவசம் எண்டு எழுதியிருக்கோணும். எழுதினது நான். அண்ணையில ஒரு பிழையும் இல்லை. அவர் கேக்கிறது அவற்ற கூலி."

பூமணி பலகையைப் பார்த்தாள். உள்ளே இருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப அவற்ற பேரை வெட்டிப்போட்டு உங்கட பேரை எழுதுங்கோ மாஸ்ரர். எழுதின பெட்டிசனை ஏன் வீணாக்குவான்?"

வரிசையில் ஒருவரும் போகவில்லை. படகு வந்து நின்றும் ஒருவரும் ஏறவில்லை. வாங்கில் இருந்தபடியே, பஸ்தியான் என்பதை வெட்டி, என் பெயரை எழுதினேன். 'கூலி அறவிட்டு' என்பதை வெட்டி 'பலகை எழுதி' என்று மாற்றினேன். மற்றதெல்லாம் அப்படியே பொருந்தியது. 'அடாத்தாக' இன்னும் நன்றாகப் பொருந்தியது.

பூமணி முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தாள். பிறகு பஸ்தியான் அண்ணையிடம் போய், "குறை நினையாதேங்கோ அண்ணை," என்றாள்.

"போர்ட்டில கிடந்ததைத்தானே நீர் சொன்னனீர்," என்றபடி அவர் மூட்டையைத் தூக்கினார்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. எனக்கு எதிராக நான் எழுதிய பெட்டிசனை செல்வரத்தினம் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். வாசித்து முடித்து, "நல்ல வசனநடை மாஸ்ரர்," என்றார். பலகையை உடனே கழற்றுவோம் என்றேன். அது ஏலாதாம். அன்பளிப்புப் பொருளைத் தொடுவதென்றால் கனடாவுக்கு எழுதிக் கேட்க வேண்டுமாம். புதிய சொல்லை ஆராய ஓர் உபகுழு வேண்டுமாம். உபகுழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? நான்! 'மின்கல மீள்சக்தியூட்டு நிலையம்' என்று ஒருவர் அங்கேயே ஒரு சொல்லை எடுத்துவிட்டார். அதை எழுதுவதென்றால் பலகையை நயினாதீவு வரைக்கும் நீட்ட வேண்டும். அதுவரைக்கும் பலகையைச் சாக்கால் மூடலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. தேநீர் வந்ததும் கூட்டம் கலைந்தது.

சனிக்கிழமை காலை செல்வரத்தினம் போன் எடுத்தார். "மாஸ்ரர், ஆரோ பலகையில கை வைச்சிட்டினம். ஓடி வாங்கோ."

ஓடினேன். ஏற்றம் இலவசம் என்பதற்குக் கீழே, படகுக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்ரில், கொஞ்சம் சரிந்த எழுத்தில் இரண்டு சொல் இருந்தது.

போனுக்கு மட்டும்.

யார் எழுதியது என்று விசாரிக்கத் தேவை இருக்கவில்லை. பஸ்தியான் அண்ணையின் சும்மாட்டுத் துணியிலும் அதே சிவப்பு இருந்தது.

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு சண்டை இல்லை. பன்னிரண்டு துளையும் நிரம்பிவிட்டது. இப்போது செருக இடமில்லை என்று சண்டை. ஓர் ஆலோசகர், ஒரு செயலாளர், ஒரு குழு, ஒரு கனடா எல்லாம் சேர்ந்து கட்டிய சிக்கலை, துறையில் நிற்கிற மனிதர் இரண்டு சொல்லில் அவிழ்த்துவிட்டார். அதில் ஒரு சொல் தமிழே இல்லை!

கனடாவும் பார்த்துவிட்டது. "சேர், அதென்ன போன்? இவ்வளவு பியூரா இருந்த போர்ட்டை ஆர் ஸ்பொயில் பண்ணினது?"

"நான்தான்," என்றேன். அதிலும் ஒரு பொய் இல்லை.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். இதை வீட்டிலும் சொல்லவில்லை. போனைச் சார்ஜில் போடும்போது அதற்குள் ஏற்றம் சேர்வதே இல்லை. ஒரு முனையால் எவ்வளவு போகிறதோ அவ்வளவும் மறுமுனையால் வெளியே வந்துவிடும். சேர்வது சக்தி. போன், பூமணியின் பிண்ணாக்கு மூட்டையைப் போலவே, எப்போதும் நடுநிலைதான். இதை நானே கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஆக, சனத்தின் தமிழிலும் என் பலகை பிழை. என் பௌதிகவியலிலும் பிழை. சரியான சொல்லைத்தான் எழுத வேண்டும் என்று எல்லோருடைய வாயையும் அடைத்தவனின் கதை இது.

ஏற்றத்தை ஆக்கவும் ஏலாது, அழிக்கவும் ஏலாது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றத்தான் முடியும் என்பது விதி. இலவசமும் அப்படித்தானே? நாங்கள் ரிப்பன் வெட்டி ஒன்றை இலவசம் என்று அறிவிக்கிறோம். அது போய் யாரோ ஒருவரின் தலையில் உட்கார்ந்துவிடுகிறது. அந்த ஆளை விழாவுக்கு நாங்கள் கூப்பிடுவதில்லை.

நேற்று நெடுந்தீவுக்குப் போனேன். அங்கே ஒரு பாடசாலை நூலகத்துக்கு என் பழைய புத்தகங்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய பெட்டி. பஸ்தியான் அண்ணை அதைத் தூக்கித் தலையில் வைத்தபோது ஒருமுறை நிலைதடுமாறினார்.

"உள்ளுக்குள்ள என்ன மாஸ்ரர், கல்லோ?"

"பௌதிகவியல்."

"அதுதான் பாரம்," என்றார்.

படகில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார். கூலியை நீட்டினேன். வழக்கத்தை விடக் கூடுதலாகத்தான் நீட்டினேன். அவர் கையைத் துணியில் துடைத்தார். வாங்கவில்லை. பலகையைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருடத்தில் அந்த மனிதர் பகிடி விட்டதை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

"போனுக்கும் உங்களுக்கும் மட்டும், மாஸ்ரர்."

பெட்டி நெடுந்தீவில் இறங்கிவிட்டது. அந்த ஏற்றம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.